பாவாயி தைத்த மூட்டைகள்

நாற்பத்து மூன்று. அர்த்தநாரி மூட்டையைத் தெரு ஓரத்தில் இறக்கி, அதன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். மணி எட்டுகூட ஆகவில்லை. மேல்மூச்சு வாங்கவில்லை, முட்டி முனகவில்லை, அறுபத்து நான்கு வயதில் விடிந்ததிலிருந்து நாற்பத்து மூன்று மூட்டை. வருவான் தம்பி, பன்னிரண்டு மணிக்குப் பொக்லைன் எந்திரத்தைக் கூட்டிக்கொண்டு வருவான், வந்து பார்க்கட்டும். அம்மா பாவாயியின் பதினாறாம் நாள் கருமாதிப் பந்தலில், தாய்மாமன் முன்னால், இலை போட்ட நேரத்தில் அவன் என்ன சொன்னான்? "அம்மா வீட்டைக் காலி பண்றதெல்லாம் ஆள் வெச்சு ஆகாதுங்க மாமா. மூணு ரூமும் உத்தரம் வரைக்கும் குப்பை. சுவத்தை இடிச்சு எந்திரத்துல மொத்தமா அள்ளிட வேண்டியதுதான்." குப்பை என்றான். அம்மா போய்ப் பதினாறே நாளில், பருப்பு ஊற்றிய இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு குப்பை என்றான். அர்த்தநாரிக்கு அள்ளிய சோறு கையிலேயே நின்றது. "எந்திரம் எங்கம்மா வீட்டுக்குள்ள வராது. எங்கம்மா சாமானை நான் தூக்குவேன். ஒத்தை ஆளாத் தூக்குவேன். வர்ற ஞாயித்துக்கெழமை உச்சிக்குள்ள ஒரு மூட்டை பாக்கி இருந்துதுன்னா நீ எதை வேணும்னாலும் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டார். பந்தலே திரும்பிப் பார்த்தது. மாமாவுக்கு எண்பது வயது, பல் இல்லாத வாயால், "ஏண்டா அர்த்தநாரி, உனக்கு இன்னும் எளவட்டம்னு நெனப்பா?" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நான்கு நாளாகக் காதுக்குள் கொசு மாதிரி சுற்றுகிறது. கூடம் முடிந்தது, அடுக்களை முடிந்தது, மூன்று நாள் ஆயிற்று அதற்கு; அந்தச் சரக்கு அன்றன்றைக்கே வண்டியில் போய்விட்டது. பாக்கி இந்த உள்ளறை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

உள்ளே போனார். வாசல் பக்கத்து வரிசை போய்விட்டதால் ஜன்னல் தெரிந்தது. இந்த அறைக்கு ஒரு ஜன்னல் இருப்பதே மறந்துபோயிருந்தது. வெயில் விழுந்த இடத்தில் சாக்குத் தூசி மெல்ல எழுந்து சுழன்றது. புளிப்பு வாசனை. அம்மா முப்பது வருஷம் ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரியில் மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்தவள். அந்தப் புளிப்பு அவள் சேலையை விட்டுப் போனதே இல்லை, சாகிற அன்றுகூட ஆஸ்பத்திரிப் போர்வைக்குள்ளிருந்து அதுதான் வந்தது. பேக்டரியில் கழித்துப் போட்ட சாக்குகளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவாள். வழியில் கிடப்பதையும் விடமாட்டாள். உடைந்த வாளி, துணி போன குடைக்கம்பி, ஒற்றைச் செருப்பு, பால் பாக்கெட் உறை, மருந்துப் புட்டி. "நாளைக்கு ஒண்ணுக்கு ஆகும்டா" என்பாள். ஆகவில்லை, சேர்ந்தது. முதலில் மூலை, பிறகு சுவர், பிறகு கூடத்தில் ஒருக்களித்துத்தான் நடக்கலாம் என்று ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தவளை அவள் வீட்டுக்குள்ளேயே வைக்க இடமில்லை. தெருவில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். தம்பி அப்போது மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நின்றான். மூடின கையோடுதான் போய்க் கொள்ளியும் வைத்தான். அம்மாவுக்கு இளைய மகன் வைக்க வேண்டும், அதுதான் வழக்கம், வழக்கத்தை அவர் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கைக்குட்டை. அது மடித்த மடிப்புக் கலையாத நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை. அர்த்தநாரிக்குச் சில விஷயங்கள் மறக்காது, கடைசி மூச்சு வரைக்கும் மறக்காது, அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பார்க்கிறவனுக்குக் குப்பை. மண்டிக்காரனுக்கு இதன் பேர் அட்டி. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் ஐம்பது வருஷத்துக்கு மேல் மூட்டை சுமந்து அடுக்கியவருக்குத் தெரியாதா? கீழ் வரிசை நீளவாக்கு, அதற்கு மேல் வரிசை குறுக்குவாக்கு, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும், ஆள் ஏறிக் குதித்தாலும் சரியாது. கூடத்தில் கிடந்தது அம்மா சேர்த்தது, அள்ளிப் போட்ட கோலம். இந்த அறை அப்படியில்லை. இங்கே ஒவ்வொன்றும் அவர் கையால் ஏறியது. ஆடி, புரட்டாசி, தை, வருஷத்துக்கு மூன்று அமாவாசை, அப்பாவுக்குப் படையல். மண்டிக்கு லீவு. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு குகைப் பகுதியில் இருந்த வாடகை வீட்டிலிருந்து நடந்தே வருவார். அடுக்களையில் இலை காத்திருக்கும், உள்ளறை வாசலில் ஒரு மூட்டை காத்திருக்கும். வாயைக் கோணி ஊசியால் தைத்து, முனையை முடிச்சுப் போட்டு, அம்மா பக்கத்தில் நிற்பாள். "முதல்ல அதைத் தூக்கி மேல போட்டுட்டு வா, அப்புறம் கை கழுவிக்கலாம். கனம்டா சாமி. மூச்சைப் புடிச்சுக்க." அவர் தூக்குவார். உள்ளே என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை; மண்டியில் எவனும் அதைக் கேட்டுத் தூக்குவதில்லை. தம்பி பொங்கலுக்கு வருவான், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. அவனுக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். அவன் தப்பித் தவறி எதையாவது நகர்த்தப் போனால், "நீ வுடு கண்ணு, சட்டை அழுக்காயிரும், அண்ணன் வந்து தூக்குவான்." அண்ணன் வந்து தூக்குவான். அண்ணன் எதற்கு இருக்கிறான்?

"இவன் தூக்குவான் சார், அவன் படிக்கட்டும்." இதோ, அம்மா குரல் வந்துவிட்டது. நாற்பத்து நான்காவது மூட்டையை இழுக்கும்போது வந்தது. தினமும் ஏதோ ஒரு வேலைக்கு நடுவில் வரும். அப்பா லாரிக்கு அடியில் போன வருஷம். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் வீடு தேடி வந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு, "பையனை நிறுத்திட்டீங்களாம்மா? கணக்கு நல்லா வருதே அவனுக்கு" என்றார். பதினொரு வயது அர்த்தநாரி தண்ணீர்க் குடத்தோடு கதவுக்குப் பின்னால் நின்றான். தம்பிக்கு ஆறு வயது, ஸ்லேட்டை நக்கிக்கொண்டு தரையில் கிடந்தான். அம்மா சொன்னாள். சொன்னது பெரிதில்லை. அர்த்தநாரி இதைப் பல வருஷம் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டார், அப்போது அவளுக்கு வேறு வழி இருந்திருக்காது, ஒருவன்தான் படிக்க முடியும், ஒருவன் சம்பாதிக்கத்தான் வேண்டும், அதெல்லாம் சரி. ஆனால் அவள் யோசிக்கவில்லை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாத்தியார் வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரு நொடி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பார். குடம் இடுப்பில் கனத்தது. அந்தத் தண்ணீரின் கனம் இன்னும் இடது இடுப்பில் இருக்கிறது. சரி, தூக்குவான் என்றாயே, தூக்கினான் பார். நூறு கிலோ சர்க்கரை மூட்டை, சணல் சாக்கு, ஈரம் கோத்தால் நூற்றுப் பத்து. அதைத் தலையில் வைத்துப் பலகைமேல் ஓடி லாரியில் ஏறியவன். ஐம்பது கிலோச் சாக்கு வந்த பிறகு சேர்ந்த பயல்கள் எல்லாம் இவரை 'குவிண்டால் அண்ணன்' என்பார்கள். தம்பி புதுவீடு புகுந்த அன்று, அவனுடைய ஆபீஸ்காரர்களிடம், "எங்க அண்ணன், டிரான்ஸ்போர்ட்ல இருக்காரு" என்றான். டிரான்ஸ்போர்ட்! லோடுமேன் என்று சொல்ல நாக்குக் கூசிற்று அவனுக்கு.

"ஏனுங்ண்ணா, டீ ஆறுதுங்க!" பக்கத்து வீட்டு நல்லம்மா வாசலில் டம்ளரோடு நின்றாள். ஐம்பது வயதுக்காரி, தெருவில் நடப்பதில் ஒன்றையும் தவறவிடாதவள். "காலைல அஞ்சு மணிக்கே தொப்பு தொப்புன்னு சத்தம், நான் திருடன்னு நெனச்சு வெளக்குமாத்தைத் தூக்கிட்டு வந்தேன்." அர்த்தநாரி நின்றபடியே டீயை வாங்கினார். "உட்காந்து குடிங்களேன், கம்பெனி பஸ்ஸா போயிரும்?" "உட்காந்தா ஒடம்பு சூடு ஆறிரும் நல்லம்மா." "உங்க தம்பி வந்து பாத்தா மயங்கி வுழுந்துருவாருங்க. ஏங்ண்ணா, ஒண்ணொண்ணும் எத்தனை கிலோ இருக்கும்?" "அம்பது. சிலது அறுபது." "யப்பா! எங்கூட்டுக்காரர் கேஸ் சிலிண்டரை நகத்தறதுக்கே ஆத்தா மாரியாத்தாங்கறார்." அர்த்தநாரி சிரிக்காமல் டம்ளரைக் கொடுத்தார், ஆனால் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. பார்க்கட்டும், தெரு முழுக்கப் பார்க்கட்டும்.

ஐம்பதாவது மூட்டை. அறுபதாவது. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. அறையின் பாதி தாண்டியதும் சாக்குகள் பிளாஸ்டிக்கிலிருந்து சணலுக்கு மாறின, பழசு, இருபது வருஷத்துக்கு முந்தியது. அறுபத்தெட்டாவது மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது கால் ஒரு கணம் பின்வாங்கியது. எழுபதில் இறக்கி வைத்து நிற்கவேண்டி வந்தது. எழுபத்தொன்றை ஏற்றவே இரண்டு தடவை முயன்றார். வயசு வந்துவிட்டதா, இப்போதா, இன்றைக்குப் பார்த்தா? நெஞ்சில் ஏதோ குறுகுறுவென்றது. டீயா, இல்லை வேறா? அவரோடு மண்டியில் இருந்த செங்கோடன் இப்படித்தான் ஒரு மத்தியானம், "என்னமோ புடிக்குதுடா மச்சான்" என்று சொல்லித் துவரை மூட்டைமேல் சாய்ந்தான், அப்படியே போய்விட்டான், மூட்டையைக் கட்டிப்பிடித்த கையை எடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. சாவுக்கு அவர் பயப்படவில்லை. பயம் அதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு எந்திரம் வந்து நிற்கும்போது கால்வாசி அறை பாக்கி இருக்க, இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, தம்பி குனிந்து, "பரவால்ல வுடுண்ணா, வயசாயிடுச்சில்ல" என்று சொல்வான் பார், அந்தக் குரல். அதைவிடச் செங்கோடன் மாதிரி போவது மேல். ஆனாலும் எப்படி? காலையில் பூ மாதிரி வந்தது. நாற்பத்து மூன்று மூட்டை பூ மாதிரி வந்த உடம்புக்கு, ஒன்றரை மணி நேரத்தில் இத்தனை தளர்ச்சியா? எழுபத்தொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துத் தெருவுக்கு வந்தார். வந்தபோதுதான் அதைப் பார்த்தார்.

காற்று வீசியது. பெரிய காற்றில்லை, நல்லம்மா வீட்டுக் கொடியில் துணி ஆடுகிற அளவுக்குக் காற்று. வரிசையின் கடைசியில் இருந்த மூட்டை, விடியற்காலையில் முதலாவதாக இறக்கியது, தானாக ஒரு தடவை புரண்டது. நின்றது. மறுபடி காற்று வர, இன்னொரு தடவை புரண்டு சாக்கடை விளிம்புக்குப் போயிற்று. ஐம்பது கிலோ மூட்டை காற்றுக்குப் புரளுமா? அர்த்தநாரி தோள் பாரத்தைப் போட்டுவிட்டு ஓடினார். தெருவில் ஆள் இல்லை. நல்லம்மா உள்ளே தாளித்துக்கொண்டிருந்தாள். குனிந்து ஒரு கையால் மூட்டையின் காதைப் பிடித்தார். வந்துவிட்டது. ஒரே கையில், தூக்குவாளி மாதிரி வந்துவிட்டது. இரண்டு கிலோ இருக்கும், மூன்றுகூட இருக்காது. பக்கத்திலிருந்ததைப் பிடித்தார், அதுவும் அப்படியே. அதற்குப் பக்கத்தில் இருந்தது ஐந்து கிலோ. தள்ளிப் போகப் போக எட்டு, பன்னிரண்டு, இருபது. எடை அறிய அவருக்குத் தராசு வேண்டாம். காலையில் இதே மூட்டைகளைத் தொட்டபோது கைக்குத் தெரியவில்லையா? தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மூச்சைப் பிடித்து, கனம் கனம் என்று சொல்லிக்கொண்டு, காதுக்குள் மாமாவின் சிரிப்போடு தூக்கியவருக்கு, எளிதாக வந்ததெல்லாம் தன் பலம் என்றுதான் பட்டது. அவசரமாக நான்கைந்தை வாரிக்கொண்டு உள்ளறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார். தையலை அறுத்தார். கரக் கரக் என்றது. வெள்ளை வெள்ளையாகத் தெர்மாகோல் துண்டுகள், டிவி பெட்டிக்குள் வருமே அது. அடுத்ததில் இலவங்காய்க் கூடு, கழுவிக் காய வைத்த பால் பாக்கெட் உறை. அடுத்ததில் முட்டை அட்டை. எல்லாம் சாக்கு நிறைய, பிதுங்கப் பிதுங்க, பார்த்தால் எழுபது கிலோ என்று யாரும் சொல்வார்கள்.

வேறொன்றும் கிடைக்கவில்லையோ அவளுக்கு? தள்ளாத வயதில் கனமாக எதைத் தூக்கி வந்திருப்பாள், இலேசாகக் கிடைத்ததைத் திணித்திருப்பாள், அவ்வளவுதான். அப்படித்தான் இருக்கும். ஆனால் மூன்று நாளாகக் கூடத்தில் என்ன அள்ளினார்? உடைந்த ஆட்டுக்கல், இரும்புச் சட்டம், செங்கல், பேக்டரியில் கழித்துப் போட்ட பல்சக்கரம். கனமெல்லாம் கூடத்தில்தான் கிடந்தது, கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அதில் ஒரு துண்டுகூட இந்தச் சாக்குகளுக்குள் வரவில்லை. கரக் கரக். இந்தச் சத்தம் முன்னால் கேட்டிருக்கிறார். எங்கே? பதின்மூன்று வருஷத்துக்கு முந்திய தை அமாவாசை. அதற்கு இரண்டு மாதம் முன்னால் அவருக்குக் குடலிறக்கம் என்று வயிற்றைக் கிழித்துத் தைத்திருந்தார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை, லோடு ஏறி நாக்பூர் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். தம்பிக்கும் தெரியாது, மண்டியில் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அமாவாசை அன்று வழக்கம்போல வந்தார். வாசலில் செருப்பை நின்றபடி உதறாமல், நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கழற்றினார். அவ்வளவுதான் செய்தார். அம்மா அடுக்களையிலிருந்து பார்த்தாள். "இரு, இன்னும் வாய் தைக்கலை" என்று உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரைமணி நேரம். படையல் சோறு ஆறிற்று. உள்ளே எதையோ தரையோடு இழுக்கிற சத்தம், கொட்டுகிற சத்தம், அப்புறம் கரக் கரக். எலி என்று நினைத்தார். "வயித்துப் பசியில நிக்கறேன், அப்படி என்னம்மா தைக்கறே?" என்று கத்தினார். அவள் வேர்த்து வடியக் கதவைத் திறந்து, தள்ளி நின்று, "இன்னைக்கு ரொம்பக் கனம்டா சாமி. பாத்து. மூச்சைப் புடிச்சுக்க" என்றாள். அவர் பயந்துகொண்டேதான் குனிந்தார், தையல் பிரிந்தாலும் பிரியட்டும் என்று. மூட்டை பறந்தது. உத்தரத்தில் இடித்துக்கொண்டு போய் மேல் வரிசையில் விழுந்தது. "என்னடா இது, இந்த வயசுல இப்படிப் பலம்!" என்று அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மறுநாள் அவர் மண்டிக்குப் போய், வயிற்றைத் தட்டிக் காட்டி, எழுபது கிலோவை ஒரே தம்மில் மேலே போட்டேன் என்று டீக்கடை அதிரச் சொன்னார். ஒரு வாரம் சொன்னார்.

ஏமாற்றியிருக்கிறாள். கோபம் குப்பென்று ஏறியது. சுமக்கிறவனிடம் எடையை மறைக்கக் கூடாது, அது தொழிலின் முதல் பாடம், தூக்கிவிடுகிறவன் எடையைச் சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். எடை தெரிந்தால்தான் உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்ளும். குறைத்துச் சொன்னால் கழுத்து முறியும், கூட்டிச் சொன்னால் மல்லாக்க விழுவான். இதற்காக அவர் ஒருவனை அறைந்திருக்கிறார். எத்தனை வருஷமாக? முதல் மூட்டைகள் பாறை மாதிரி இருந்தன, அது நிஜம். நாற்பது வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருக்கிறாள், ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு பிடி, இரண்டு பிடி. அவர் நடையைப் பார்த்து இறக்கியிருக்கிறாள், கண்ணால் எடை போட்டிருக்கிறாள். படிக்காத பொம்பளை, ஐம்பது வருஷ மண்டிக்காரனின் கையை ஏமாற்றியிருக்கிறாள். அரைமணி நேரம். ஒரு நொடி யோசிக்காதவள், அந்தக் கதவுக்குப் பின்னால் அரைமணி நேரம் நின்று, கனத்தைக் கொட்டிவிட்டுக் கனமில்லாததைத் தேடித் தேடித் திணித்திருக்கிறாள். அர்த்தநாரி தெர்மாகோல் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதற்காக மன்னித்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாத்தியாரிடம் சொன்னது சொன்னதுதான். ஆனால் ஒன்று. தம்பியை அவள் தூக்க விடவே இல்லை, அவன் முடியாதவன் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். இவரை, தன் எண்பத்தெட்டு வயது வரைக்கும், முடியாதவன் என்று ஒருநாள்கூடச் சொல்லவில்லை. சொல்லவும் விடவில்லை. பிறகு அறுத்த சாக்குகளின் வாயை, சணலைப் பல்லால் கடித்து, அம்மாவின் கோணி ஊசியாலேயே மறுபடி தைத்தார். யாரும் பார்த்துவிடக் கூடாது. வெளியே போய், காற்று புரட்டாதபடி இலேசு மூட்டைகளைச் சுவரோரமாகப் பின்னால் தள்ளி, கனமான சணல் மூட்டைகளை முன்னால் போட்டு, குறுக்கே ஒரு கயிறும் இழுத்துக் கட்டினார்.

அதற்கப்புறம் தூக்கியதுதான் தூக்கல். எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று. இப்போது எடை தெரிந்தது. ஒவ்வொன்றையும் தொட்டு, தனக்குத் தானே எடையைச் சொல்லி, முப்பத்தைந்து, நாற்பது, முட்டியை மடக்கித் தூக்கினார். தளர்ச்சி இல்லை என்று தெரிந்ததே பாதிப் பலம் கொடுத்தது. அவை கனமாகத்தான் இருந்தன, தளர்ந்தது அவர் இல்லை. நாற்பது வயது அர்த்தநாரி தூக்கியதை அறுபத்து நான்கு வயது அர்த்தநாரி இறக்கிக்கொண்டிருந்தார், முப்பத்தைந்து வயதுக்காரன் தூக்கியதையும் இறக்கினார். தோலில் வேர்வை வழிந்து சாக்குத் தூசி சேறாகியது. தோளில் பழைய காய்ப்பு இருந்த இடம் எரிந்தது, அந்த எரிச்சல் நன்றாக இருந்தது. நூற்று ஏழு. பதினொன்றேகால். தரை தெரிந்தது, நான்கு சுவரும் தெரிந்தது. பரண்மேல் ஒன்றே ஒன்று இருந்தது, முதல் மூட்டை. தம்பி கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன வருஷம், அர்த்தநாரிக்கு இருபத்தெட்டு வயதில், ஒற்றை ஆளாகத் தலைக்கு மேல் தூக்கி வைத்தது. முக்காலியில் ஏறி இழுத்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார், சாக்குத்தான் கிழிந்தது. கிழிசலில் காகித விளிம்பு தெரிந்தது. ஒன்றை உருவினார். நோட்டுப் புத்தகம். அட்டையில் இருந்ததை எழுத்து எழுத்தாகக் கூட்டினார். சி, த், தே. சித்தேஸ்வரன். தம்பி பேர். ஆறாம் வகுப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து காலேஜ் வரைக்கும், அத்தனையும் உள்ளே. அறுபது கிலோ, கூடவும் இருக்கும். அப்படியானால் அவன் படித்ததையும் நான்தான் தூக்கினேனா? அர்த்தநாரி முக்காலியில் நின்றபடியே சிரித்தார், வாய்விட்டுத் தனியாக. இறங்கி, நோட்டை இருந்த இடத்திலேயே செருகினார். எங்கம்மா சாமானைத் தூக்குவேன் என்றுதான் பந்தலில் சொன்னது. இது அம்மா சாமான் இல்லை.

சித்தேஸ்வரன் பதினொன்றரைக்கே வந்துவிட்டான். முன்னால் அவன் கார், பின்னால் குப்பைக்கிடங்குக்குப் போக டிராக்டர், அதற்கும் பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு மஞ்சள் பொக்லைன். இறங்கியவன் கையிலிருந்த கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டு போகாமல் அப்படியே நின்றான். தெரு ஓரம் முழுக்க மூட்டை வரிசை. உள்ளே போனான், காலி அறைகளில் அவன் செருப்புச் சத்தம் எதிரொலித்தது, திரும்பி வந்தான்.

"எல்லாத்தையும் நீயேவாண்ணா?"

"ஒத்தை ஆளுங்க தம்பி" என்றாள் நல்லம்மா, தான் தூக்கியது மாதிரி. "ஒண்ணொண்ணும் அம்பது கிலோ. டீயைக்கூட நின்னுகிட்டேதான் குடிச்சாரு. மனுசனா, கிரேனான்னு தெரியல."

"பரண் மேல ஒண்ணு இருக்குதேண்ணா."

"அது உன் சரக்கு. போய்ப் பாரு."

போனான். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் நான்கு நோட்டு, சட்டையில் தூசி, கண் ஒரு மாதிரி இருந்தது. டிராக்டர்காரர் மீதியை ஐந்து நடையில் அள்ளிக் கொண்டு வந்து காரில் வைத்தார்.

"அம்மா இதையெல்லாம் வெச்சிருந்தாங்களாண்ணா?"

"அம்மா வெக்கலை. நான் தூக்கி வெச்சேன்" என்றார் அர்த்தநாரி. "அறுபது கிலோ."

சித்தேஸ்வரன் பொக்லைன்காரனைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையை ஆட்டினான். எந்திரம் உறுமிக்கொண்டே பின்வாங்கி முனை திரும்பியது. அர்த்தநாரி அது மறைகிற வரைக்கும் பார்த்தார். மாமாவுக்கு இன்றைக்கே போன் போட வேண்டும். இல்லை, நேரில் போக வேண்டும், நடந்து போய் எதிரில் உட்கார வேண்டும். அந்த நினைப்பில் ஒரு கணம் கவனம் தப்பிவிட்டது. திரும்பியபோது தம்பி முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வரிசையைச் சுற்றிப் பின்பக்கம் போயிருந்தான். "வாண்ணா, ஆளுக்கு ஒரு கை புடிச்சு டிராக்டர்ல ஏத்திடலாம். நீ காலைலேர்ந்து முறிஞ்சுட்டே." குனிந்து, சுவரோரத்து மூட்டை ஒன்றின் இரண்டு காதையும் பிடித்தான்.

"கையை எடுடா!"

தெரு நின்றுபோயிற்று. நல்லம்மா வாயில் கை வைத்தாள். சித்தேஸ்வரன் சின்னப் பையன் மாதிரி கையை உதறி எடுத்தான்.

"கனம்" என்றார் அர்த்தநாரி. குரலை இறக்கிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். "ரொம்பக் கனம்டா. பழக்கமில்லாதவன் தொட்டா இடுப்புப் புடிச்சுக்கும். தள்ளி நில்லு. டிராக்டர்காரரே, நீங்களும் எறங்காதீங்க, எங்கம்மா மூட்டையை எவனும் தொடக் கூடாது."

"நீயும் வயசான ஆள்தானேண்ணா."

"நான் லோடுமேன்."

துண்டை உதறித் தலையில் சுற்றினார். கயிற்றை அவிழ்த்தார். தம்பி பிடித்திருந்த அதே மூட்டைக்கு முன்னால் காலை அகட்டி நின்று, முட்டியை மடக்கி, இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மெல்ல, மிக மெல்ல, மூட்டை தரையை விட்டு எழும்பி மார்புக்கு வந்து தோளுக்கு ஏறியது. உள்ளே கரக் என்றது, யாருக்கும் கேட்கவில்லை. கால் மண்ணில் அழுந்த ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி. சித்தேஸ்வரன் தன்னை அறியாமல் இரண்டு கையையும் ஏந்தினாற்போல நீட்டிக்கொண்டு, மூச்சை விடாமல் கூடவே வந்தான். மூன்றாவது அடியில் அர்த்தநாரி நின்று, பல்லைக் கடித்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு முக்கல் முக்கினார். இன்னும் நூற்று ஆறு இருந்தது.